மாஸ்டர் கட்டிய அணி

பினாங்கில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் சீனர்களின் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. மாலையில் அதன் முற்றத்தில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு மீன் விற்கிறவரும் தையற்கடைக்காரரும் பனியனோடு இறங்கிவிடுகிறார்கள். என் தோளுயரம்கூட இல்லாத ஒருவர் பந்தை எறிகிறார், தவறுகிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வந்த புதிதில் இது எனக்கு விநோதமாக இருந்தது. எரிச்சலாக இருந்தது என்பதே உண்மை. அவர்களுடைய வாத்தியாரை இங்கே 'சின்சே' என்கிறார்கள். அவரிடம் எனக்குத் தெரிந்த மலாயில், "பெராப்பா ஓராங்?" என்றேன். அணியில் எத்தனை பேர் என்று கேட்டதாக எண்ணம். "செமுவா" என்றார். எல்லோரும். என் மலாய் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, ஐந்து விரலைக் காட்டி, ஏழு விரலைக் காட்டி மறுபடியும் கேட்டேன். அவர் முற்றத்தில் நின்றவர்களையெல்லாம் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, செவிடனுக்குச் சொல்வதுபோல நிதானமாக "செமுவா" என்றார்.

போன மாதம் கப்பல் தபாலில், வேலூரில் நான் படித்த கல்லூரியின் ஆண்டு மலர் வந்தது. எங்கள் கூடைப்பந்து மாஸ்டர் ஓய்வு பெறுகிறாராம். ஒன்றுமில்லாத இடத்தில் அணியைக் கட்டி எழுப்பியவர் என்று மூன்று பக்கம் புகழ்ந்திருக்கிறார்கள். கேடயத்தோடு நாங்கள் எடுத்துக்கொண்ட படமும் இருக்கிறது. பின்வரிசையில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரமாக நிற்பவனுக்குப் பெயர் இல்லை. 'மற்றொருவர்' என்று போட்டிருக்கிறது. ஊரிலுள்ள பழைய மாணவர்களும், இங்கே தோட்டங்களிலும் துறைமுகத்திலும் இருக்கிற நம்மவர்களும் அறிய எழுதுகிறேன். அந்த அணிக்குத் தலைவனாக இருந்தவன் நான். மாஸ்டர் அதை எப்படிக் கட்டினார் என்று எனக்குத் தெரியும்.

அவர் சென்னையில் பயிற்சி பெற்று வந்தபோது கல்லூரிக்குப் பின்னால் வெறும் முட்புதர். நாற்பது மாணவர்கள் புதரை வெட்டினோம், ஏரியிலிருந்து மண் சுமந்தோம், உருளை இழுத்தோம். கைகளில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது. களம் தயாரானதும் மாஸ்டர் விசில் ஊதி, ஏழு பேரைப் பிரித்து நிறுத்தினார். மற்றவர்களைப் பார்த்து, "நீங்கள்லாம் கோட்டுக்கு வெளிய நில்லுங்க" என்றார். தாங்கள் சுமந்த மண்ணில் அந்த முப்பத்து மூன்று பேரின் கால் அப்புறம் படவேயில்லை. ஏழு பேரில் நானும் இருந்தேன். எனவே திரும்பிப் பார்க்கவில்லை.

அவருக்குரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் எங்களை ஒரு நாளும் அடித்ததில்லை. முதலியார் வீட்டுப் பையன், உருது பேசும் ஆம்பூர்ப் பையன், கிறிஸ்தவன், சேரியிலிருந்து வந்தவன் என எல்லோரையும் ஒரே பானையில் தண்ணீர் குடிக்க வைத்தார். ஒருவனுடைய தகப்பனார் வந்து சண்டை பிடித்தபோது, "பானை வேணாம்னா ஆட்டமும் வேணாம், கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அது சாதாரணமல்ல. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அவ்வளவு தெரிந்த மனிதர் மற்றதை எப்படிச் செய்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

உயரமான ஆள் வேண்டும் என்று அவரே ரயிலேறி ஆம்பூருக்குப் போனார். அங்கே ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தேவசகாயத்தைக் கண்டுபிடித்தார். தேவசகாயம் இங்கிலீஷில் தவறி, பள்ளி இறுதிப் பரீட்சை தேறாமல் வேலைக்குப் போனவன். அவன் தாயாரிடம் மாஸ்டர், "நான் படிக்க வெக்கறேம்மா. பாஸ் பண்ணவெச்சித்தான் அனுப்புவேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கல்லூரியோடு சேர்ந்த பள்ளியில், கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் அவன் பெயரை எழுதினார்கள். பெயர் மட்டும்தான் வகுப்பில் இருந்தது. காலையிலும் பயிற்சி, மாலையிலும் பயிற்சி, பகலில் மாஸ்டருக்குத் தோன்றும்போதெல்லாம் பயிற்சி. தலையணைக்கடியில் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்திருப்பான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்பான். வாத்தியார் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை.

ஒருநாள் அவன், "மூர்த்தி, நீ கேப்டன். நீ சொன்னா கேப்பாரு. பரிச்சைக்கு ஒரு மாசம் என்ன கிளாசுக்கு உடச் சொல்லு" என்றான்.

போய்ச் சொன்னேன். "மெட்ராஸ் போட்டி முடியட்டும்" என்றார் மாஸ்டர்.

"பரிச்சை அதுக்கு முன்னாடியே வருது, மாஸ்டர்."

"அவன் படிச்சி இன்னா ஆவப்போறான்? கெலிச்சா காலேஜுக்கே பேரு. நீ உன் எடத்தப் பாத்துக்க."

என் இடம் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. தேவசகாயத்திடம் வந்து, "பாக்கலாம்னாரு" என்று பொய் சொன்னேன்.

பரீட்சை அவனில்லாமல் நடந்தது. சென்னையில் அவனால் ஜெயித்தோம். அடுத்த வருஷமும் அதே பேச்சுத்தான், பரீட்சை பிறகு பார்க்கலாம் என்று. அதற்குள் பயிற்சியில் குதித்து இறங்கும்போது அவன் முழங்கால் மடங்கிவிட்டது. பத்து நாள் மாஸ்டரே ஒத்தடம் கொடுத்துக் கட்டுப்போட்டார். பதினோராம் நாள் நாட்றம்பள்ளியிலிருந்து புதிதாக ஓர் உயரமானவன் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். அவனுக்குத் தேவசகாயத்தின் கட்டிலைக் கொடுத்தார்கள். "கால் சரியானதும் வா" என்று சொல்லி மாஸ்டர் தேவசகாயத்தை ஊருக்கு அனுப்பினார். கால் சரியாகவேயில்லை. நானோ பி.ஏ. முடித்து, என் தலைமைக் குணத்தைப் புகழ்ந்து மாஸ்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டித்தான் இந்தக் குமாஸ்தா வேலைக்குக் கப்பலேறினேன்.

சென்ற வருஷம் விடுப்பில் போனபோது தேவசகாயத்தைப் பார்க்க ஆம்பூருக்குப் போனேன். குழி வேலைக்கு நிற்க முடியாததால், காய்ந்த தோலை உட்கார்ந்தபடி அடுக்கிக் கட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "இன்னா மூர்த்தி, தொரை மாதிரி கீறே" என்று சிரித்தான். அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும். உன் மூஞ்சிலயே தெரிஞ்சிது" என்றான்.

"அவர் மேல கோவம் இல்லியா?"

"கோவம் இன்னாத்துக்கு? ரெண்டு வருசம் தெனம் முட்ட குடுத்தாரு. எனக்கு யாரு குடுத்தா?" கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "பரிச்ச மட்டும் எழுதியிருக்கலாம்."

அவன் திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். ஒருவனுடைய படிப்பையும் காலையும் வாங்கிக்கொண்டு, முட்டையைக் கொடுத்து, அதற்கு நன்றியும் பெற்றுக்கொண்ட மனிதரைத்தான் ஆண்டு மலர் 'அணியைக் கட்டியவர்' என்கிறது. அவர் ஏழு பேரை வைத்துக் கேடயம் வாங்கினார். அவ்வளவே. வாயை மூடிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்தவன் நான்.

படத்திலிருப்பவன் பெயர் தேவசகாயம், அடுத்த மலரிலாவது அதைப் போடுங்கள் என்று கல்லூரிக்கு எழுதி, நேற்று பதிவுத் தபாலில் சேர்க்கப் போனேன். தபால் நிலைய மலாய்க்காரர் உறையைப் புரட்டிப் பார்த்து, கடிதம் போய்ச் சேராவிட்டால் எந்த 'ருமா'வுக்குத் திருப்பி அனுப்புவது என்று கேட்டார். ருமா என்றால் வீடு. பேனாவை வாங்கிப் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தைப் பார்த்தார், முன்பக்கத்தைப் பார்த்தார். இரண்டிலும் வேலூர் என்றே இருந்தது. சிவப்புப் பென்சிலால் பின்பக்கத்து வேலூரை அடித்துவிட்டு, நீ இருக்கிற இடத்தை எழுது என்று உறையை என் பக்கம் தள்ளினார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அடிபட்ட ஊருக்குக் கீழே, மிச்சமிருந்த கொஞ்சம் இடத்தில், இந்தத் தெருவின் பெயரை நெருக்கி எழுதினேன்.