பேரிக்கா வளைவில் காணாமல் போன பஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் ஒரு மெமரி கார்டைத் தோசைக்கல்லில் போட்டு வாட்டினேன்.

சிரிக்காதீர்கள். சிம்மில்தான் வைத்தேன். துணி விரித்து, அதன் மேல் கார்டை வைத்து, அப்பளம் மாதிரி திருப்பித் திருப்பி... இருபத்தைந்து வருடமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன், வட்டக்கானல் விடுதிகளுக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது?

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுக்குத் தேங்காச் சட்னியா, தக்காளிச் சட்னியா?" என்றாள்.

கார்டு ஓரத்தில் லேசாக வளைந்து, அத்தோடு உயிரை விட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கார்டு மேல்தான். என் மேல் நானே கோபப்படும் கெட்ட பழக்கம் என்னிடம் கிடையாது என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

சரி, தோசைக்கல் வரை போனது எப்படி? சொல்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், முப்பது வருடம் பஸ் டிரைவர். அதில் பாதிக்கு மேல் கோடைக்கானலிலிருந்து கூக்கால் போகும் மலை ரூட். அந்த ஊருக்குப் போகிற பஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தானைத் தவறவிட்டால் அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் கூக்காலில் கலெக்டரைத் தெரியாதவர்கள் உண்டு, அத்தானைத் தெரியாதவர்கள் இல்லை.

ஆறு மாதம் முன்னால் ஒருநாள் வெள்ளனே எழுந்து பல் விளக்கப் போனவருக்கு, பிரஷ்ஷை எடுக்கக் கை வரவில்லை. பக்கவாதம். கால் தேறிவிட்டது. பேச்சுக்கு ஒன்றுமே ஆகவில்லை — அதுதான் அக்காவின் புகார். வலது கை மட்டும் மடியில் அப்படியே கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி.

அக்காதான் ஸ்பூனால் ஊட்டுவாள். கதவைச் சாத்திக்கொண்டு. சாப்பாட்டு நேரத்தில் நான் போனால், "அப்பவே சாப்ட்டேன் மாப்ள" என்று பொய் சொல்வார். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் கண்டக்டர், செக்கர், பூண்டு மூட்டைக்காரர் என்று நாலு பேரோடு உட்கார்ந்து, குழம்பை முழங்கை வரை வழியவிட்டுப் பிசைந்து சாப்பிட்ட மனுஷன். ஆறு மாதமாக ஒரு ஆள் முன்னால் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா சொன்னது இது: "விரலுக்கு டெய்லி வேலை குடுங்க சார். குடுக்காட்டா அது வேலையையே மறந்துரும்." ஒரு ஸ்பாஞ்ச் பந்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

"பந்த அமுக்குறதெல்லாம் ஒரு சோலியா மாப்ள? அமுக்குனா என்ன வருது? ஒண்ணும் வரல!" என்றார் அத்தான். இடது கையால் அதைத் தெருவில் உருட்டிவிட்டார். நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. நாய்க்கு நல்ல பயிற்சி.

அமுக்கினால் ஏதாவது வர வேண்டும். அவ்வளவுதானே?

என் மகள் பள்ளியில் படித்தபோது வாங்கிய கையடக்க கேம் கன்சோல் ஒன்று பரணில் இருந்தது. புத்தகம் மாதிரி மடக்கலாம். சுற்றிலும் பட்டன். அத்தானுக்கு ஒரு பஸ் கேம் நாமே எழுதிவிடுவோம் — கூக்கால் ரோடு, கூக்கால் பஸ்! யோசனை வந்த அரை மணி நேரம் நான் என்னை ஒரு விஞ்ஞானியாகவே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கன்சோல் கம்பெனி முத்திரை குத்தாத எந்த ப்ரோகிராமையும் ஓட்டாதாம்!

என்ன அநியாயம் இது? காசு கொடுத்து வாங்கியவன் நான். என் வீட்டுப் பரணில் தூங்குவது அது. நாயுடுபுரம் கடையில் ஒரு குக்கர் வாங்குகிறீர்கள். "எங்கள் கம்பெனி அரிசியை மட்டும்தான் வேகவைப்பேன், உங்க ஊர் மலைப்பூண்டைப் போட்டால் விசில் அடிக்க மாட்டேன்" என்று அந்தக் குக்கர் சொன்னால் விடுவீர்களா? கடைக்காரர் சட்டையைப் பிடிக்க மாட்டீர்கள்? அதுவும் அந்தக் கம்பெனி இந்த மாடலை எப்போதோ தலைமுழுகிவிட்டது. புது கேம் கிடையாது, ரிப்பேர் கிடையாது, பாட்டரி கிடையாது. கடையை மூடிவிட்டுப் போனவன் சாவியையும் கையோடு எடுத்துக்கொண்டு போவானா?

நல்லவேளை, உலகம் முழுக்க என்னைப் போலக் கோபக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாற்றுச் சாவி செய்து வைத்திருக்கிறார்கள். இப்படிக் கம்பெனி தயவு இல்லாமல் நாமே எழுதி ஓட்டுகிற ப்ரோகிராமுக்கு ஹோம்ப்ரூ என்று பெயர். வீட்டுச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடினால் கேட்க ஆள் கிடையாது.

எனக்கு உப்பு கூடியது. முதல் நாள் திரை முழுக்க வெள்ளை. இரண்டாம் நாள் பஸ் ஆகாயத்தில் ஓடியது. மூன்றாம் நாள் சிவப்பு பஸ் எழுதினால் நீல பஸ் வந்தது... அந்த மெஷின் நிறங்களைப் பின்னாலிருந்து வாசிக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் எழுதி, கார்டில் ஏற்றி, சொருகி, ஓட்டி, வெளியே வந்து, திட்டி, மறுபடி எழுதி — மூன்று வாரம். விடுதிக்காரர்கள் போன் செய்தால், "சர்வர் டவுன்" என்றேன். சர்வர் நான்தான்.

ஒருவழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் மடியில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதென்ன மாப்ள, தீப்பெட்டி போகுது?"

"பஸ்ஸுங்க அத்தான்."

"கூக்கா ரோட்டுல இம்புட்டு வெளிச்சம் எங்க கெடக்கு? மிஸ்ட்டப் போடு."

மிஸ்ட் என்றால் எங்கள் ஊர் மூடுபனி. போட்டேன். அடுத்த நாள், "மிஸ்ட்டுல லைட்ட டிம் பண்ணாம எப்பிடி? ஹாரன் எங்க? கியரு?" என்றார். தந்தேன். கன்சோலின் இடது தோளில், அதாவது மேல் விளிம்பில், இருக்கும் பட்டன் ஹாரன். வலது தோளில் இருப்பது பிரேக். வலது பக்கம் கீழே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு சின்ன பட்டன் — ஒன்று கியரைக் குறைக்க, ஒன்று லைட்டை டிம் செய்ய. வலது கை இல்லாமல் ஊர் போய்ச் சேர முடியாது. அதுதானே திட்டம்?

முதல் வாரம் பிரச்சினையே இல்லை. இடது கையால் மட்டும் ஓட்டி, எதிலாவது மோதி, எனக்குச் சாபம் விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் அக்கா போன் செய்தாள். "ஏலே, பேரிக்கா வளைவுல பஸ்ஸு காணாமப் போயிருச்சாம்ல!"

வளைவு ஓரத்தில் ஒரு பேரிக்காய் மரம் இருக்கும். டிரைவர்கள் வைத்த பெயர் அது. அங்கே போனதும் திரை சட்டென்று அணைந்து, கன்சோலின் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறதாம். ரோடு இல்லை, பஸ் இல்லை, ஒன்றும் இல்லை.

வாங்கி வந்து வீட்டில் ஓட்டினேன். ஓடியது. பத்து தடவை ஓட்டினேன். பத்து தடவையும் கூக்கால் போய்ச் சேர்ந்தேன். திருப்பிக் கொடுத்தேன். மறுபடி போன். முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை. அப்புறம் மூன்று தடவை. அப்புறம் வளைவுக்கு வளைவு! வியாதி முற்றுகிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அப்புறம் அந்த போன் வந்தது. அக்கா குரலே சரியில்லை. "பஸ்ஸ ஒடப்புல தூக்கிப் போடுன்னு சொல்லிட்டாருடா. மூணு நாளா அதத் தொடல. கைய மடியில வச்சிட்டு சன்னலப் பாத்துட்டு இருக்காரு. வெரசா ஏதாச்சும் பண்ணுலே."

என் கோபம் எங்கே போய் முட்டும்? முதலில் கம்பெனிக்காரன். இத்தனை வருஷம் கழித்தும் ஏதோ பூட்டு வைத்துப் பழிவாங்குகிறான். அப்புறம் பாட்டரி. அப்புறம் கோடைக்கானல் ஈரம் — இந்த ஊரில் தீப்பெட்டியே நமுத்துப் போகிறது, மெமரி கார்டு எம்மாத்திரம்? அங்கேதான் தோசைக்கல் வருகிறது. பஜாரில் புதுக் கார்டு வாங்கிப் போட்டேன். அக்கா கெஞ்சியதில் அத்தான் ஒரே ஒரு ட்ரிப் ஓட்டினார், அப்போதும் அதே கதை.

கடைசியாக, இந்தப் பழைய மெஷின்களைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கான இணைய மன்றத்தில் ப்ரோகிராம் முழுவதையும் போட்டு, விலாவாரியாக எழுதிக் கேட்டேன். மேதாவி ஒருவர் பதில் போட்டார்: "என்னிடம் நன்றாகத்தான் ஓடுகிறது."

இது ஒரு பதிலா? வயிறு வலிக்கிறது என்று போனவனிடம் டாக்டர், "எனக்கு வலிக்கவில்லையே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? கொதித்துப் போய் நாலு பத்திக்குத் திட்டி எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான் நினைவு வந்தது. இதே பதிலைத்தான் இரண்டு வாரமாக நான் அத்தானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்கிட்ட நல்லா ஓடுதே அத்தான்!"

திட்டை அழித்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். காலை மணி பதினொன்று இருக்கும்.

"ஒரே ஒரு ட்ரிப் ஓட்டுங்க அத்தான். நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

"ஓடாத வண்டிய எத்தன தடவடா டிப்போவுல இருந்து எடுக்குறது?" என்றார். ஆனாலும் கையில் வாங்கினார்.

நான் திரையையே பார்த்தேன். மிஸ்ட், ரோடு, பேரிக்காய் மரம் — அணைந்தது. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருட டிரைவர், லேட்டாக வந்த கிளீனரைப் பார்ப்பது தெரிந்தது.

"இன்னொரு தடவ" என்றேன். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

வளைவு வருகிறது. இடது விரல் ஹாரனில் ஏறுகிறது. வலது ஆள்காட்டி விரல், நடுங்கிக்கொண்டே, மெல்ல வளைந்து பிரேக்கில் உட்காருகிறது. வலது கட்டைவிரல்... அது நகருகிறது. நகர்ந்து, படுத்து, கீழே உள்ள இரண்டு சின்ன பட்டன்களையும் சேர்த்து அமுக்குகிறது. ஹாரன், பிரேக், கியர், டிம். நாலும் ஒரே நொடியில்.

திரை அணைந்தது.

எனக்கு எங்கேயோ உறைத்தது. லேப்டாப்பைத் திறந்து ப்ரோகிராமின் முதல் பக்கத்துக்குப் போனேன். ஆரம்ப நாட்களில் கார்டை மாற்றி மாற்றிச் சோதித்தபோது, சட்டென்று வெளியே வர எனக்கு நானே ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். நாலு பட்டனையும் சேர்த்து அமுக்கினால் கேம் மூடிக்கொள்ளும். அந்த வரிக்குப் பக்கத்தில், என் கைப்பட, எனக்கே ஒரு குறிப்பு: "அப்புறம் எடுக்கவும். அவசரமில்லை. நாலையும் ஒண்ணா எந்தப் பைத்தியக்காரன் அமுக்கப் போறான்?"

வாசித்துவிட்டு அத்தானைப் பார்த்தேன்.

கம்பெனிக்காரன் இல்லை. பாட்டரி இல்லை. ஈரம் இல்லை. தோசைக்கல்லில் உயிர்த் தியாகம் செய்த அந்தக் கார்டு நிரபராதி.

அப்போது அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அவள் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. "ஏலே... அந்தக் கட்டைவெரலு இப்ப அசைஞ்சதா?" என்றாள்.

என் நோட்டு ஞாபகம் வந்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் நாளைக்கு ஒன்று. அப்புறம் மூன்று. அப்புறம் வளைவுக்கு வளைவு. வியாதி முற்றுகிறது என்று நான் எழுதி வைத்தது எதை? நாலில் மூன்று பட்டன் வலது கைக்கு உரியவை. அந்த விரல்கள் போய்ச் சேராத வரைக்கும் பஸ் காணாமல் போக வழியே இல்லை! கை தேறத் தேற, ஒவ்வொரு வளைவிலும் நான் அவரை இறக்கிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தானிடம் விஷயத்தை ஒப்புக்கொண்டுவிட்டு அந்த வரியை அழித்தேன். அரை நிமிட வேலை. மறுபடி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். பேரிக்கா வளைவைத் தாண்டியது பஸ். அடுத்த வளைவு, அதற்கடுத்தது... கடைசியில் நான் நாலு நீலக் கட்டமாக வரைந்து வைத்த கூக்கால் ஏரி வந்தது. அத்தான் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "தண்ணி கம்மியா இருக்கு" என்றார்.

அக்கா வழக்கம்போல ஒரு தட்டும் ஸ்பூனுமாக வந்து, கதவைச் சாத்தப் போனாள்.

"கதவு கெடக்கட்டும். மாப்ளைக்கும் ஒரு தட்டு எடுத்தா. அந்த ஸ்பூன உள்ள கொண்டு போ" என்றார்.

வலது கையை இடது கையால் தூக்கித் தட்டில் வைத்தார். அப்புறம் அது தானே வேலையைப் பார்த்தது. பாதி சோறு மடியில் சிந்தியது. சாம்பார் மணிக்கட்டு வரை வழிந்தது. அக்கா ரசம் எடுக்கிறேன் என்று உள்ளே போனவள், வெகு நேரம் வரவில்லை. நான் என் தட்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் சந்தோஷத்தைக் கோபத்தால் மறைக்க வேண்டும் என்றால் வேறென்ன செய்வது?

எனக்கு இன்னும் ஒரு கோபம் பாக்கி இருந்தது. கேட்டுவிட்டேன்.

"இருந்தாலும் அத்தான், வளைவுக்கு வளைவு எதுக்கு நாலையும் சேத்து அமுக்குறீங்க? அந்த ரோட்டுல எதிர வண்டியே கெடையாது. வளைவுக்கு அங்கிட்டு ஒண்ணுமே இல்ல. நான் எழுதுன ரோடு, எனக்குத் தெரியாதா?"

அத்தான் உருண்டையை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அந்த நாலு பட்டனும் நீ எழுதுனதுதான மாப்ள? அமுக்குனா என்ன வரும்னு ஒனக்குத் தெரிஞ்சுதா?"