இராஜாங்கத்தின் மிச்ச வார்னிஷ்

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார் இராஜாங்கம். கழுத்தில் அவர் பெயிண்டால் போட்டு வைத்த சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது வார்னிஷ். “எவனோ கைய வச்சிருக்கான்” என்றார்.

நீடாமங்கலத்தில் கதவு, கட்டில், பீரோவுக்கு வார்னிஷ் அடிக்கிறவர். வேலையில் மிஞ்சுவதில் ஒரு சொட்டைக்கூட வீணாக்க மாட்டார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தேன் பாட்டிலில் ஊற்றி, கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போடுவார். குண்டு இறங்க இறங்க வார்னிஷ் கழுத்துவரை ஏறும். காற்றுக்கு இடம் விட்டால் மேலே ஆடை கட்டிவிடுமாம். பிறகு வீட்டுக்காரர் பெயரை எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டுவார். சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

பூட்டிய பிறகும் மனுஷனுக்கு நிம்மதி கிடையாது. கடைக்காரர் வார்னிஷில் தின்னர் கலக்கிறார் என்பார். மனைவி ஜெயபாரதி புதிதாக வாங்கிவந்த பளபளப்பான மணையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வார்னிஷை இன்னொருவர் கையால் ஊற்ற விடவே மாட்டார். பதினெட்டு வருடமாகக் கூடவே வேலை செய்யும் குணசேகரனுக்கும் அதே சட்டம்தான்.

அன்றைக்கு வேலை ஹமீதா பானு வீட்டில். பீரோ இறக்கியபோது வாசற்கதவில் நீளமாக ஒரு கீறல். நாளை மறுநாள் மகள் ஷமீராவுக்கு நிக்காஹ். கதவின் செம்பழுப்பு நிறம் இரண்டு வருடத்துக்கு முன்னால் இராஜாங்கம் தன் கைப்பக்குவத்தில் கலந்தது, எந்தக் கடையிலும் கிடைக்காது. இருப்பது இந்த ஒரு பாட்டில்தான்.

“குணா, உண்மையச் சொல்லு. எப்ப எடுத்தே?”

கீறலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த குணசேகரனின் கை நின்றது. “சாவி உன் இடுப்புலதானே கிடக்கு?”

“போன மாசம் நான் மறுபடி வடிகட்டுனப்ப நீதானே பக்கத்துல இருந்தே?”

குணசேகரன் உப்புத்தாளைக் கீழே போட்டார். “உன் பாட்டில நீயே கட்டிக்கிட்டு அழு.” படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நாளன்னிக்கு நிக்காஹ வச்சுக்கிட்டு என்னங்க இது?” என்றார் ஹமீதா பானு.

இராஜாங்கம் வடிகட்டும் துணியைப் பையிலிருந்து எடுத்து விறைப்பாக உதறினார். அதற்குள்ளிருந்து ஆறு கோலிக்குண்டுகள் டைல்ஸ் தரையில் விழுந்து உருண்டன. ஒன்று படிகளில் குதித்து இறங்கிக் குணசேகரனின் செருப்பில் முட்டி நின்றது.

போன மாதம் துடைப்பதற்காகத் துணியில் சுருட்டி வைத்த குண்டுகள். பாதியைப் பாட்டிலில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொள்ள, மீதியை அப்படியே மறந்துவிட்டுப் பூட்டியவர் அவரேதான். மட்டம் கோடுவரை ஏறாமல் நின்றது அதனால்தான். இராஜாங்கத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது.

குணசேகரன் குனிந்து அந்தக் குண்டை எடுத்தார். படியில் வைத்தார்.

“நீயே ஊத்து” என்று பாட்டிலை நீட்டினார் இராஜாங்கம். குணசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்து அதை வாங்கிக்கொண்டார்.

இராஜாங்கம் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் மூடி திருகும் சத்தம் கேட்டது. தானாகத் திரும்பப் போன கழுத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவையே பார்த்தார்.