நான் மொழிபெயர்த்த புயல்

எங்கள் வீட்டுக்குள் பிரெஞ்சு மொழி வருவதென்றால் என் வாய் வழியாகத்தான் வர வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. மின்சாரக்காரனின் கடிதம், டொக்டர் சொன்னது, பள்ளிக்கூடக் குறிப்பு எல்லாவற்றையும், போரில் குண்டுக்குத் தப்பி ஊரைவிட்டு வந்த பெற்றோருக்குத் தமிழில் சொல்வது நான். இப்படியொரு பதவி கையில் இருந்தால் யாருக்குத்தான் புத்தி ஒழுங்காக இருக்கும்? வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள் என்று ஆசிரியை எழுதி அனுப்பியதை, "பிள்ளை நல்லாக் கதைக்கிறாளாம்" என்று வாசித்து, அதற்கொரு சொக்கிலேட்டும் வாங்கித் தின்றவள் நான்.

அது ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள். பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. மதியச் செய்தியில் வரைபடத்தைக் காட்டி, பாரிஸைச் சுற்றி எச்சரிக்கைக்கான ஒரேஞ்சு நிறம் பூசியிருந்தார்கள். மாலையில் பனிப்புயல் தொடங்கும், காற்று பலமாக இருக்கும், தேவையில்லாமல் காரை எடுக்காதீர்கள். அவ்வளவுதான் செய்தி. ஆனால் மறுநாள் நான் வகுப்புக்கு முன்னால் நின்று பதினாறு வரிப் பாடலொன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது நாலு வரி. அதிலும் ஒன்று தலைப்பு. (ரயில் ஓடாததால் மறுநாள் அந்த ஆசிரியையே வரவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் முட்டாள்தனத்தின் அளவு அப்போதுதான் விளங்கும்.)

"என்னவாம் பிள்ளை சொல்லுறாங்கள்?" வெங்காயம் வெட்டிக்கொண்டே அம்மா கேட்டார்.

"பெரிய புயல் வருகுதாம். மூண்டு நாளைக்கு ஒருத்தரும் வெளிக்கிடக் கூடாதாம். பள்ளிக்கூடமெல்லாம் பூட்டாம்."

கத்தி நின்றது. "தண்ணி நிப்பாட்டுவாங்களாமோ?"

இப்படியொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் கஞ்சத்தனம் பார்க்காமல், "ஓம், நிப்பாட்டுவாங்களாம்" என்றேன்.

"கரண்ட்?"

"அதுவுந்தான்."

எங்களோடு இருந்த சித்தப்பா சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். "எந்தப் பக்கத்தாலை வருகுதாம்?"

"நோர்மண்டிப் பக்கத்தாலை." இது ஒன்றுதான் நான் சொன்ன உண்மை.

'சரி, வீட்டில் இருந்து படி' என்று அம்மா சொல்வார், நான் தலையாட்டிவிட்டுக் கார்ட்டூன் பார்ப்பேன் என்பது என் திட்டம். நடந்தது வேறு. முழங்கால் வலியென்று படியேறப் பத்து நிமிடம் எடுக்கும் அம்மா, பம்பரமாகச் சுழலத் தொடங்கினார். குளியல் தொட்டி, வாளி, பானை, கடைசியில் தேநீர்க் கோப்பைகள் வரை தண்ணீர் நிரம்பியது. சித்தப்பா எதுவும் கேட்காமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அரிசி, பருப்பு, மெழுகுதிரி வாங்க இறங்கினார். ஜன்னல் கண்ணாடிகளில் பார்சல் ஒட்டும் நாடாவால் அம்மா பெரிய பெருக்கல் குறிகள் போட்டார். நானும் ஒன்று போட்டேன். அது கூட்டல் குறியாக வந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜன்னலே இல்லாத நடையில் மெத்தை விரித்து, "எல்லாரும் இஞ்சைதான் படுக்கிறது" என்றார் அம்மா. இதைவிட நல்ல விளையாட்டு உண்டா? கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், என் தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் ஒரு தோள்பைக்குள் போய் வாசல் கதவடியில் குந்தின. பிறகு என் பெயரும் விலாசமும் எழுதிய கடதாசித் துண்டொன்றை என் சட்டையின் உட்புறம் ஊசியால் குத்தினார்.

"ஏனம்மா, எனக்கு என்ரை பேர் தெரியுந்தானே?"

"தெரியட்டும். இது இருக்கட்டும்."

சித்தப்பா இரண்டு கையிலும் மூட்டையோடு மூச்சிரைக்கத் திரும்பினார். "அண்ணி, கடையிலை மெழுகுதிரி முடிஞ்சுது! நான் சொன்னவுடனை சனம் அள்ளிக்கொண்டு போட்டுது. இப்ப அஞ்சு நாள் எண்டு கதைக்கினம்."

ஐந்து நாளா! பொய் சொன்னவள் நான்தான் என்பதே அந்த நிமிடம் எனக்கு மறந்துபோனது. பாடல் புத்தகத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு வந்து, ஆறு மணிக்குத் திரும்பிப் போவார். பல மாதம் வேலையில்லாமல் இருந்து, அங்கே சேர்ந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. ஒரு நாள் வராவிட்டாலும் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார், கதவடியில் இருந்த பையைப் பார்த்தார். "றோட்டிலையும் இதுதான் கதை" என்றபடி போனை எடுத்தார். "முதலாளிக்குச் சொல்லுவம், வரேலாதெண்டு. வேலை போனாப் போகட்டும். உங்களை விட்டிட்டு நான் அங்கை நிக்கமாட்டன்."

"சொல்லுங்கோ" என்றார் அம்மா. "பிள்ளை தன்ரை காதாலை கேட்டது."

எண்களை அமுக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அப்பா, எடுக்காதேங்கோ! மூண்டு நாளெண்டு அவங்கள் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

அப்பாவின் விரல் நின்றது. மூன்று பெரியவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடி எந்தக் கன்னத்தில் விழும் என்று தெரியாமல் இரண்டையும் பொத்திக்கொண்டேன்.

"அப்ப தண்ணி?" என்றார் அம்மா.

"வரும்."

"கரண்ட்?"

"அதுவும் வரும்."

அம்மா என் முன்னால் குந்தி, பொத்தியிருந்த கைகளை மெதுவாக விலக்கினார். "உண்மையைச் சொல்லு. மேலாலை விழப்போறது பனி மட்டுந்தானே?"

"பனி மட்டுந்தான். சத்தியமா."

"சத்தம் ஒண்டும் இல்லாமலோ?"

"பனிக்கு ஏதம்மா சத்தம்?"

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். முதலில் தோள்தான் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெடித்தது. "கள்ளி, கள்ளி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சித்தப்பா அரிசி மூட்டையில் சாய்ந்து சிரித்தார். போனைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துத் துடைத்து அப்பாவும் சிரித்தார். வெளியே, ஒட்டிய நாடாக்களுக்குப் பின்னால், முதல் பனி சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. பாரிஸ் நகரத்திலேயே இவ்வளவு நல்ல பகிடி விட்டவள் நான்தான் என்ற பெருமையில், அவர்கள் மூவரையும்விடச் சத்தமாக நானும் சிரித்தேன்.