ரோசம்மாளின் அவித்த முட்டை

வில்லியனூருக்கு மேற்கே கரும்புக்கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊருக்குச் சாராயக்கடை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோதே இருந்தது என்பார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்தில் எல்லை தாண்டி வண்டி கட்டிக்கொண்டு வந்து குடித்தவர்கள் உண்டு. திரும்பும்போது மாடுதான் வழி கண்டுபிடித்து வீடு சேர்க்கும். இப்போதெல்லாம் உரிமம் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் எடுப்பவர் மாறுவார், பலகையில் பெயர் மாறும். கடை வாசலில் அடுப்பு வைத்திருக்கும் ரோசம்மாள் மட்டும் மாறுவதில்லை.

ஆட்டுக்குடலில் செய்யும் போட்டி வறுவல், சுண்டல், அவித்த முட்டை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் போட்டிக்காக வருகிறவர்கள். ஆனால் ரோசம்மாள் அடுப்பு போட்டது வியாபாரத்துக்காக இல்லை. கணவர் இக்னேஷியஸ் ஒருமுறை போதையில் வாய்க்காலில் விழுந்து, கால் ஒடிந்து, விடியும்வரை கிடந்தார். கெஞ்சி, அழுது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டும் பலனில்லை. "அந்த ஆளு வுடாது. குடிக்கிறத என் கண்ணு முன்னாடி குடிக்கட்டும்" என்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏற்பாடு இதுதான். இக்னேஷியஸ் இரண்டாவது கிளாஸை முடித்ததும் ரோசம்மாள் ஒரு முட்டையை உரித்து, மிளகுத்தூள் தூவி உள்ளே அனுப்புவார். முட்டை வந்துவிட்டால் ஊற்றிக்கொடுக்கும் நவீன்குமார் அதற்குமேல் அவருக்கு ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. "சரக்கு தீந்துபோச்சுபா" என்பான், பக்கத்தில் நிற்பவருக்கு ஊற்றிக்கொண்டே. ரோசம்மாள் அடுப்பை எடுத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் ஏலதாரரும் இதற்கு உடந்தை. குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் இக்னேஷியஸுக்கு மட்டும் தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். "எம் பொண்டாட்டிக்கு என்மேல எவ்ளோ ஆசை பாரு" என்று நாலு பேருக்குக் காட்டிவிட்டுத்தான் அவர் முட்டையைக் கடிப்பார்.

போன வருடம், கடைக்குப் பின்பக்கம் குடியிருக்கும் செல்வகுமாரி மகளிர் குழுவைத் திரட்டினார். மாதா கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் கடைக்கு எப்படி உரிமம் கொடுத்தார்கள் என்று கேள்வி. ஓர் இந்துப் பெண் மாதாவுக்காக இப்படி வரிந்துகட்டுகிறாரே என்று பங்குச் சாமியார் நெகிழ்ந்துபோனார். செல்வகுமாரியின் கணவர் மணவாளன் அந்தக் கடையே கதியென்று கிடப்பது சாமியாருக்குத் தெரியாது.

கடை வாசலிலேயே மறியல், பந்தல். மாதா சபையில் இருந்துகொண்டு ரோசம்மாள் வராமல் இருக்க முடியுமா? கடை தூரமாகப் போய்விட்டால் இக்னேஷியஸ் கண்மறைவாகக் குடிப்பார், திரும்பிவர வாய்க்கால் கரைதான் வழி. இதை அந்தப் பந்தலில் யாரிடம் சொல்வது? வெறுங்கையோடு உட்கார்ந்து பழக்கமில்லாததால் அடுப்பைப் பற்றவைத்தார்.

"கடைய மூடுன்னு கத்த சொன்னா வெங்காயம் நறுக்கிக்கினு கீறியே ரோசக்கா" என்றார் செல்வகுமாரி.

"நீ கத்துடி. கத்தினா பசிக்கும்ல."

வறுவல் வாசனைக்கு, கடை மூடிக் கிடந்ததால் வேலையற்றிருந்த ஆண்களும் வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். மறியலுக்கு ஆண்களின் ஆதரவு பெருகுகிறது என்று மேலே தகவல் போயிருக்க வேண்டும். மறுநாளே ஓர் அதிகாரி டேப்போடு வந்துவிட்டார்.

கோயில் வாசலிலிருந்து கடை வாசல்வரை, ஆள் நடக்கிற வழியில் அளக்க வேண்டுமாம். அளந்தார். தூரம் குறைவுதான். பெண்கள் கைதட்டினார்கள். ரோசம்மாளும் தட்டினார், கரண்டியைக் கீழே வைக்காமல்.

ஏலதாரர் கலங்கவில்லை. "வாசலுக்குத்தான சார் அளக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வாரமே கொத்தனார் வந்து முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, பின்சுவரை உடைத்துப் புது வாசல் வைத்தார். இப்போது கோயிலிலிருந்து கடைக்குப் போக வேண்டுமென்றால் குளத்தைச் சுற்றி, கரும்புக்கொல்லை ஓரமாக நடந்து, செல்வகுமாரி வீட்டுத் தோட்டத்தை ஒட்டித் திரும்ப வேண்டும். அதிகாரி மறுபடி அளந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தூரம் போதும் என்றார். கடை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

புது வாசல் திறந்த அன்று ரோசம்மாள் கையில் முட்டையோடு செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் இக்னேஷியஸ் பாடுவது கேட்டது. பாட்டு வந்தால் நான்காவது கிளாஸ் உள்ளே போயாயிற்று என்று அர்த்தம். குளத்தைச் சுற்றி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை. கடைசியில் கரும்புக்கொல்லையில், வாய்க்காலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ரோசம்மாள் செல்வகுமாரி வீட்டுக்குப் போனார். புது வாசலுக்கு எதிரே அடுப்பு வைக்க இருந்த ஒரே இடம் அவர்கள் தோட்டத்து மூலை.

"மறியல் பண்ணவ வூட்லயே வந்து எடம் கேக்கறியே. உனுக்கு இன்னா தெகிரியம்க்கா?"

ரோசம்மாள் முட்டை விஷயத்தைச் சொன்னார். செல்வகுமாரி தன் வீட்டுப் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் மணவாளன் தெருவைச் சுற்றி, நாலு பேர் கண்ணில் பட்டுப் போக வேண்டும். இப்போது பின்கதவைத் திறந்தால் கடை.

"எங்க வூட்டு ஆளுக்கும் ஒரு முட்டை அனுப்புவியா?"

"ரெண்டு கிளாஸுக்கு அப்புறமா?"

"அதுக்கு ஒண்ணே ஜாஸ்தி."

"சரி. மறியலு இன்னா ஆவறது?"

"அது பாட்டுக்கு அது. அடுத்த ஏலத்துக்கு முன்னாடி மறுபடி ஒக்காருவோம். நீ அடுப்ப எடுத்தாந்துடு."

அன்று சாயங்காலம் மணவாளன் முதல் கிளாஸைக் கீழே வைத்ததும் நவீன்குமார் மிளகு தூவிய முட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான்.

"நா முட்டை கேக்கவே இல்லியேபா."

பக்கத்தில் தன் முட்டையைக் கடித்துக்கொண்டிருந்த இக்னேஷியஸ் திரும்பினார். "தின்னுட்டு வூட்டுக்குப் போ மணவாளா. முட்டை வந்துட்டா அவ்ளோதான்."

"உனுக்குத் தெரியுமா இது?"

"இன்னாத்துக்குத் தெரியாம? எத்தினி வருஷமாத் தின்றேன்."

"தெரிஞ்சுமா சும்மா கீற?"

இக்னேஷியஸ் விரலில் ஒட்டியிருந்த மிளகை நக்கிக்கொண்டார்.

"நேத்து முட்டை வரல. கொல்லையில கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். "இப்பகூட எவன் சட்டைன்னு தெரியலபா. உனுதா பாரு."