கோட்டை வாசலில் மாமா

பாடசாலையில் ஒரு கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். அம்மாவுக்கு லண்டன் ரயில் என்றாலே பயம். மிஞ்சியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆன பெரிய மாமா. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில், கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே குளிரைச் சமாளித்துக்கொண்டிருந்தார். தான் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் என்று சொல்லித் தானாகவே முன்வந்தார். எனக்கு ஒன்பது வயது. வழி கேட்பதும் ஆங்கிலம் பேசுவதும் என் பொறுப்பு என்றதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சமல்ல.

தேம்ஸ் கரையில் இருந்த அந்தப் பழைய கோட்டையைத் திருத்திப் பூங்காவாக்கி வைத்திருந்தார்கள். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் குடும்பங்கள் இருந்து சான்ட்விச் சாப்பிட்டன. வாசலில் ஒருவர் பழங்காலச் சிப்பாய் வேடம் போட்டு, நீளத் துவக்கோடு நின்று, வருகிற எல்லோரையும் மறித்து யார் என்று அதட்டினார். விளையாட்டுத்தான். எங்களுக்கு முன்னால் நின்ற பையன் தான் அரசனின் சமையற்காரன் என்றான். நான் இளவரசி என்று சொல்ல ஆயத்தமாக நின்றேன்.

எங்கள் முறை வந்தது. மாமா தொப்பியைக் கழற்றினார். ஒரு கையால் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். சட்டைப் பையிலிருந்து ஊர் அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு தமிழில் சொன்னார்.

“தங்கச்சின்ரை பிள்ளை, சேர். சின்னப்பிள்ளை. ஒண்டும் தெரியாது.”

சிப்பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒரு சல்யூட் அடித்தார். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மாமாவும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். எனக்கு மானம் போய்விட்டது. வகுப்பில் இரண்டாம் பிள்ளை நான், எனக்கா ஒன்றும் தெரியாது? அவர் வாங்கித் தந்த ஐஸ்கிரீமை அவரை விட்டுத் தள்ளி நின்று சாப்பிட்டேன். ரயிலிலும் தள்ளியே இருந்தேன். இப்போது நினைத்தால் அந்த முதுகைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கோள் சொன்னேன். அண்ணனைக் கண்டிப்பார் என்று பார்த்தால், அம்மா என்னை அணைத்துக்கொண்டு, விட மறந்தவர் மாதிரி நின்றார். அம்மா கண்டிக்காத கோபமும் சேர, கட்டுரையில் மாமாவையே எழுதாமல் விட்டேன்.

ஊர்ச் சோதனைச் சாவடிகளில் துவக்கு வைத்திருப்பவனிடம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிற சொற்கள் அவை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அதற்கு முன் யாருடைய பிள்ளைக்காக அவற்றைச் சொன்னார், அவை எடுபட்டனவா என்று மாமாவிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.