ஏலக்காய் ஸ்டோரில் வெந்த காயில்கள்

எங்கள் கம்பெனியின் ஆண்டு விழா மலரில், 'நிறுவனரின் தந்தை மனமுவந்து அளித்த கட்டடத்தில் உற்பத்தி தொடங்கியது' என்று ஒரு வரி வருகிறது. எழுதியது நான்தான். 'மனமுவந்து' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் தயங்கினேன். கலர் அச்சுக்கு எடுப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

சாவி போட்டதும் ஜீப்பைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் இருக்கும். போடியில் உதிரிபாகக் கடை வைத்திருந்த பாயும் நானும் கூட்டாக அவற்றைத் தயாரிக்க ஆரம்பித்தோம். அவருக்கு வியாபாரம் தெரியும். எனக்கு ரஷ்ய நாவல்கள் தெரியும். காயிலை வார்னிஷில் முக்கிச் சூட்டில் வேகவைத்தால்தான் உள்ளே ஈரம் இறங்காது. எங்களிடம் அடுப்பு இல்லாததால் மொட்டை மாடி வெயிலை நம்பினோம். போடியில் சீறிக் கிளம்பிய ஜீப், மலையில் மஞ்சு மூட்டத்துக்குள், அந்த ஈரத்தில் நின்றுவிட்டால் பிறகு முனகக்கூட முனகாது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரைவர்கள் காயிலைக் கழற்றி வந்து பாயின் கல்லா மேல் வீசினார்கள். "பாய், இத ஆட்டுக் கழுத்துல கட்டுங்க. அதாச்சும் அழகா இருக்கும்" என்றார் ஒருவர்.

அந்தச் சமயத்தில் அப்பா தேவாரம் ஊருக்கு ஒரு சாவுக்குப் போக வேண்டி வந்தது. எங்கள் தோட்டத்தில் பறித்த ஏலக்காய் முழுவதும் மலைச்சரிவில் எங்கள் ஸ்டோரில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் அறை. வெளியே விறகு எரியும், சூட்டுக்குழாய் உள்ளே ஓடும். "தீய மட்டும் பாத்துக்க. பொஸ்தகத்தத் தொறந்த, தொலச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஏலத்தில் அவர் பேரைக் கேட்டே வியாபாரிகள் விலை சொல்வார்கள். அவருக்கிருந்த சொத்தில் பெரியது அந்தப் பேர்தான்.

அவர் போனதும் பாய் காயில் மூட்டையோடு வந்து சேர்ந்தார். "மாப்ளே, தீ சும்மாதான எரியுது? மேல காய் காயட்டும், கீழ நம்ம சோலி நடக்கட்டும்."

எரிகிற விறகை வீணாக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். சரி என்றேன்.

காயில்கள் கண்ணாடி போல வெந்து வந்தன. ஏலக்காயும் பச்சை மாறாமல் உலர்ந்தது. வாசனை? மாதக்கணக்கில் வார்னிஷோடு குடியிருந்த எங்கள் மூக்குகளுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. மூட்டை கட்டி, ஏல மையத்துக்கு நானே லோடு இறக்கினேன். அப்பா தேவாரத்திலிருந்து நேராக அங்கே வந்தார். மாதிரித் தட்டில் கிடந்த காயின் நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்த்து, "பரவால்லடா" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. மாதிரித் தட்டு முதல் வியாபாரியிடம் போகும்வரை அது நீடித்தது.

அந்த வியாபாரி சம்பிரதாயத்துக்கு ஒரு காயை வாயில் போட்டார். உடனே உள்ளங்கையில் துப்பினார். "என்னண்ணே, காய் கேட்டா செல்ஃப் மோட்டாரக் கொண்டாந்து தட்டுல வச்சிருக்கீக?"

அடுத்தவர் முகர்ந்தார். "இதப் போட்டுப் பாயசம் வச்சா சாவி போட்டாத்தேன் எறங்கும்."

அறையே சிரித்தது. நல்ல நகைச்சுவை, வேறொரு குடும்பத்துக்கு நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்பா ஒரு காயை எடுத்து மென்றார். துப்பாமல் விழுங்கினார்.

"இது எங்காய் இல்ல. இவன் காய்."

"ஒங்க மகன்தான?"

"பெத்தது நாந்தேன். காய வச்சது நானில்ல. எம்பேர்ல இத ஏத்தாதீக."

அந்த வாரமே அப்பா பாகம் பிரித்தார். தோட்டம் தம்பிக்கு. சுவரெல்லாம் வார்னிஷ் ஏறி, இனி ஏலக்காய்க்கு உதவாத ஸ்டோர் எனக்கு. ஆத்தா அழுதாள். பாய் மட்டும், "மாப்ளே, அடுப்பு கெடச்சிருச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அங்கே வெந்த காயில்கள் எந்த மஞ்சுக்கும் சாகவில்லை. வீசிய டிரைவர்களே வரிசையில் வந்து நின்றார்கள். கம்பெனி அப்படித்தான் நிமிர்ந்தது.

அப்பா புதிய ஸ்டோர் கட்டினார். மறு பருவத்தில் அவர் காய் ஏலத்துக்கு வந்தபோது, பேர் மீண்டுவிட்டதா என்று பார்க்க நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். மீண்டிருந்தது. கம்பத்திலிருந்து புதிதாக வந்த வியாபாரி ஒருவர் என்னைக் காட்டி, "இது யாருங்க, மகனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இவுக காயில் கம்பெனி மொதலாளி" என்றார் அப்பா, மிகுந்த மரியாதையோடு. சொல்லிக்கொண்டே மாதிரித் தட்டை என் பக்கத்திலிருந்து எடுத்துத் தன் மறுபக்கம் தள்ளி வைத்தார்.