இவருடைய ஜேர்மன்காரர்

லண்டனில் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது சுவரில் முதலில் ஏறியது பிள்ளையார் படமும் இல்லை, எங்கள் கல்யாணப் படமும் இல்லை. நனைந்த உடுப்போடு, காற்றுக்குப் போடும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூரையில்லாத பந்தயக் காரில் சாய்ந்து நிற்கும் ஒரு வெள்ளைக்காரரின் கறுப்பு வெள்ளைப் படம். மற்றவர்களுக்குச் சக்களத்தி என்றால் ஒரு பெண்ணாவது இருப்பாள். எனக்கு வாய்த்தது ஒரு ஜேர்மன்காரர்.

இவர், அதாவது என் கணவர், லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் அகதியாக இருந்தவர். அங்கே தன் கராஜில் வேலை கொடுத்தவர் அந்த மனிதர். அவருடைய சரித்திரம் எனக்கு மனப்பாடம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து நாடே இடிந்து கிடந்தபோது பழைய இரும்பு பொறுக்கித் தானே ஒரு கார் செய்து மலைப்பாதைப் பந்தயங்களில் ஓடினார். பிறகு ஒரு பெரிய கொம்பனி கூப்பிட்டது. ஒரே காரை இரண்டு பேர் இரவும் பகலும் மாறி மாறி ஓட்டும் நெடும்பந்தயங்களில் பெயர் எடுத்தார். கடைசியில் ஒரு மழைநாளில் கார் புரண்டு இடுப்பு முறிந்தது. ஓட்டத்தை விட்டுக் கராஜ் திறந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் இவர் அந்த மனிதரின் பெயரை முழுதாக, வாய் நிறையச் சொல்லுவார். எனக்கோ கல்யாணம் கட்டிய நாள்முதல் “இஞ்சாரும்” என்ற கூப்பிடல் மட்டும்தான். பிள்ளைகளிடம் என்னை “அம்மா” என்பார், வெளியாட்களிடம் “வீட்டுக்காரி” என்பார். என் பெயரை இவர் ஒருமுறையாவது சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கேட்டு வாங்குகிற சாமானா அது? வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

பின்னாளில் லண்டனில் இருந்த ஜேர்மன்காரரின் மகள் அவரை ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தாள். இவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினார். நான் வரமாட்டேன் என்று நின்றேன். அப்படி அந்தாளிடம் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவே ஒருநாள் கூடப் போனேன். நாற்காலியில் அவர் சுருங்கிப்போய் இருந்தார். காதும் மந்தம், நினைவும் மந்தம். கைகள் மட்டும் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தன. என்னைக் காட்டி ஜேர்மன் மொழியில் ஏதோ கேட்டார். இவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அவருடைய காதருகே குனிந்து, ஹோல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“யோகராணி.”

அவருக்கு விளங்கவில்லை. இவர் இன்னும் சத்தமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். திரும்பும் வழியில், பஸ்ஸில், அவர் என்ன கேட்டவர் என்றேன்.

“நீர் ஆரெண்டு கேட்டவர். பேரைச் சொன்னனான், வேறை என்ன” என்றார் இவர், யன்னலைப் பார்த்தபடி.

சந்தோசமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அதுகூட அந்தாளுக்காகத்தானே வாயில் வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு நான்தான் முதலில் வெளிக்கிட்டேன். அவர் என்னை மறந்துபோயிருந்தார். திரும்பவும் கேட்டார், இவர் திரும்பவும் சொன்னார். அந்த மறதியை நம்பி எத்தனையோ ஞாயிறு போனேன், கேக் செய்துகூடக் கொண்டுபோனேன்.

போன மாரிக் குளிரில் அவர் போய்விட்டார். இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால் இவர் அவருடைய பெயரைச் சொல்லிக் கண் கலங்குகிறார். செத்த மனிதர் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் யார் என்று இவரிடம் கேட்க இப்போது ஒருவரும் இல்லை.